கிண்ணத்தை அசைக்கும்வரை

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கண்ணியம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான். எங்கே இருந்தாலும் இதைப் படித்துவிடுவார். படித்துவிட்டுத் திட்ட மாட்டார், போன் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டார். நான் எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரியரில் அழகான ஒரு பொருள் வந்து சேரும். அதை நான் கூடத்தில் நடுநாயகமாக வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பொருளுக்கு ‘இந்த வீட்டுக்காரன் ஒரு மடையன்’ என்று அர்த்தம் இருக்கும்.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் எனக்குத் தரைத்தளம், அவருக்கு மூன்றாவது மாடி. அவருடைய அப்பா துறைமுகங்களில் ராட்சத கிரேன்களை நிறுவும் இன்ஜினியராக இருந்தவர். கிரேன் போன ஊருக்கெல்லாம் குடும்பமும் போனது. அக்கா மஸ்கட்டில் நடை பழகி, ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் பள்ளிக்கூடம் சேர்ந்து, ஜப்பானில் கோபே நகரத்தில் வளர்ந்து, கடைசியில் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தவர். அம்மா இல்லை. அப்பாவும் மகளும் மட்டும். ஒரகடம் பக்கமுள்ள ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு அக்கா வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துக் கொடுப்பார். என்னுடைய உலக அனுபவம் பக்கத்திலிருக்கும் படப்பையோடு முடிந்துவிடுகிறது. அதுவும் மனை பார்க்கப் போனது. வாங்கவில்லை.

அக்கா யார் மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் கிலி. கோபப்படுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்கலாம். இவர் சிரித்தபடி மரியாதை செய்வார். அந்த மரியாதை எந்த நாட்டு மரியாதை என்பதை வைத்துத்தான் நமக்கு என்ன தண்டனை என்பது தெரியும்.

முதல் தண்டனை எனக்குத்தான். புதிதாகக் குடிவந்திருக்கிறார்களே என்று பார்க்கப் போனேன். சும்மா இருந்திருக்கலாம். “சொந்த ஊர் எதுங்க?” என்று கேட்டேன். தாம்பரம் என்றார். “இல்ல, ஒரிஜினலா?” என்றேன். மறுபடியும் தாம்பரம் என்றார். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. “இத்தனை நாடு சொல்றீங்க, உங்களுக்கு ரேஷன் கார்டு ஐ.நா. சபையிலதான் கொடுத்திருப்பாங்க போல” என்று சொல்லி நானே சிரித்தும் வைத்தேன்.

அக்காவும் சிரித்தார். “காபி சாப்பிடுங்க” என்றார்.

மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா ஒன்று வந்தது. கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணம், சாமிக்குத் தீர்த்தம் கொடுக்கிற அளவு. ஏலக்காய் போட்ட கசப்பான காபி, பால் இல்லை, சர்க்கரை இல்லை. குடித்தேன். ஊற்றினார். மரியாதைக்குக் குடித்தேன். ஊற்றினார். போதும் என்று சொன்னேன், “பரவால்ல” என்று ஊற்றினார். கிண்ணத்தைக் கீழே வைத்தால் எடுத்துக் கையில் கொடுத்து ஊற்றினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இதயம் மின்சார ரயில் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. அப்போதுதான் உள்ளறையிலிருந்து அப்பா வந்தார். மெலிந்த மனிதர், காலர் பட்டன்வரை போட்ட சட்டை. என் முகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நிலவரம் புரிந்துவிட்டது.

“தம்பி, கிண்ணத்த லேசா இப்படி ஆட்டுங்க” என்று கையைப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். ஆட்டினேன். கூஜா நின்றது.

“மஸ்கட்ல அதான் வழக்கம். ஆட்டற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. வாயால போதும்னா உபசாரத்துக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுக்குவாங்க.”

“அப்பா!” என்றார் அக்கா, பிடித்து வைத்திருந்த எலியை யாரோ திறந்துவிட்ட மாதிரி.

“பாவம்மா, புள்ள வேர்த்துட்டான்.”

அப்பா அப்படி. மகள் மாட்டிவைக்கிற ஆட்களையெல்லாம் பின்னாலேயே வந்து அவிழ்த்துவிடுவார். அவர் இருந்தவரை அக்காவின் பழிகள் எல்லாமே பாதியில் நின்றவைதான்.

இன்னொரு நாள் மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டியது. மோட்டார் அறைச் சாவி அந்த மாதம் அக்காவிடம். நான் மூச்சு வாங்க மாடியேறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “சாவி!” என்றேன்.

அக்கா எழுந்தார். கைகூப்பினார். “வாங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்க்கா, சாவி...”

“ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? உங்க அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? மாமனார் வீட்டுல?”

“அக்கா, தண்ணி ரோட்டுக்குப் போயிடுச்சு!”

“பையன் ஸ்கூல் எப்படிப் போகுது? வேலை எல்லாம்?”

மொம்பாசாவில் அடுத்த வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டுமாம். நலம் விசாரித்து முடிக்காமல் காரியத்தைப் பேசுகிறவன் மனுஷ ஜாதியிலேயே சேர்த்தி இல்லையாம். இதையும் அப்பாதான் பிறகு சாவியைக் கையில் திணித்தபடி சொன்னார். அன்றைக்கு எங்கள் தெருவே குளித்தது. அதற்குப் பிறகு நான் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று நலம் விசாரிக்கிறேன். என் மாமனார் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்.

நானும் சளைத்தவன் இல்லை என்று காட்ட ஒருமுறை முயன்றேன். சிறுசேரியில் என் கம்பெனியில் வெளிநாட்டு கிளையண்ட்டிடம் நடந்துகொள்வது எப்படி என்று ஒரு மணிநேரப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சமோசாவும் கொடுத்தார்கள். “ஜப்பான்காரங்க குனிஞ்சு வணக்கம் சொல்வாங்கக்கா” என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

“எவ்வளவு நேரம் குனியணும்?”

“அது ஸ்லைடுல இல்லக்கா. படம் மட்டும்தான் போட்டிருந்தாங்க.”

அக்கா சொன்னார்: “ஒரு ஊருக்குப் புதுசாப் போற குழந்தை மொதல்ல எதக் கத்துக்கும் தெரியுமா? பாஷை இல்ல. எதச் செஞ்சா இவங்களுக்கு வலிக்கும், எதச் செஞ்சா சிரிப்பாங்க, எதச் செஞ்சா நம்மள ஒதுக்குவாங்க. இதத்தான். நான் மூணு தடவ மொதல்லேர்ந்து கத்துக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து. தாம்பரத்துக்கு வந்தது நாலாவது தடவ.”

பயந்து கற்றுக்கொண்டதை அவர் வளர்ந்தபின் கத்தியாகத் தீட்டி வைத்திருந்தார். அப்பா இருந்தவரை அதற்கு உறை இருந்தது.

அப்பா ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

இங்கே செக்ரட்டரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நிரந்தரச் செயலாளர், முதல் மாடி. தேர்தல் என்று ஒன்று வைத்தால் தானே நின்று தானே கைதட்டி ஜெயிப்பவர். “நம்ம வழக்கம்” என்ற இரண்டு வார்த்தை இல்லாமல் அவரால் தும்மக்கூட முடியாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் மாடம் உண்டு. என் பைக்கின் வால் பிள்ளையாரைப் பார்த்து நிற்கிறது, அது நம்ம வழக்கம் இல்லை என்று சொல்லி அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டியவர். பிள்ளையார் ஒன்றும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

குளிர்பெட்டியோடு வேன் வந்து நின்றது. லிஃப்டில் பெட்டி நுழையாது. கார் நிறுத்துமிடம்தான் ஒரே வழி. செக்ரட்டரி கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

“சாமி இருக்கற எடம்மா. பொணத்த எப்படி வைக்கறது? நம்ம வழக்கத்துல கெடையாது.”

“போன வருஷம் உங்க மாமியார இங்கதானே சார் வெச்சீங்க? மாடத்துக்குத் திரை போட்டீங்களே?” என்றார் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது.

“அது மொறப்படி நடந்த சாவு. நீ பொம்பள, நீயே கொள்ளி வைக்கப் போறேங்கற. ஊர் ஊரா சுத்தின குடும்பம், உங்களுக்கு நம்ம வழக்கம் எங்க தெரியும்? நேரா மின்மயானத்துக்குக் கொண்டு போயிடுங்க.”

வேன்காரர் தலையைச் சொறிந்தார். “இன்னா சார் பேஜாரு பண்றீங்க? பெரியவரு ஒரு ரெண்டு மணி நேரம் படுத்துகினு போறாரு, உனுக்கு இன்னா சார் கஷ்டம்? மேடம், பிளக்கு பாயிண்டு எங்கனா கீதா சொல்லுங்க. பொட்டி கரண்டு இல்லாம நிக்காது.”

அந்த நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல், என் ஜன்னல் வழியாக கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தூக்கித் தெருவில் போட்டது. சரித்திரத்தில் சிலர் வாளைத் தூக்கியிருக்கிறார்கள், அவரவர் வசதி. மஸ்கட்டிலும் மொம்பாசாவிலும் கோபேயிலும் கிரேன் எழுப்பிய மனிதர் சேலையூர்த் தெருவில், கேட்டுக்கு வெளியே, பின்கதவு திறந்த வேனுக்குள் படுத்திருந்தார். மாலை போட வந்தவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட்டு வழிவிட்டு நின்றார்கள். செக்ரட்டரி முதல்மாடி பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூடக் கீழே இறங்கி வரவில்லை.

அக்கா அழவில்லை. நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தார்.

“இந்த ஆள் எங்கப்பா முன்னாடி தலை குனிஞ்சு நிக்கணும்” என்றார் என்னிடம். “நின்னே ஆகணும். அது மட்டும்தான் எனக்கு வேணும்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் பைக் சங்கிலிக்கும் சேர்த்து.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா செக்ரட்டரியைப் பார்த்தால் புன்னகைப்பார், வணக்கம் சொல்வார். நான்தான் பொறுமையில்லாமல் தவித்தேன். “அக்கா, மஸ்கட் முறையில ஏதாவது? மொம்பாசா? எதாவது சின்னதா?” என்று லிஃப்டில் கிசுகிசுப்பேன். “அவரா வருவார்” என்பார்.

வந்தார். செக்ரட்டரியின் மகன் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனான். அங்கேயே அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. வழக்கம் பேசியவர் ஒரு வாரம் சாப்பிடவில்லையாம். எட்டாவது நாள் மகன் காட்டிய சம்பந்தி வீட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டு, அதே வாயால் “ஜப்பான் சம்பந்தி” என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணம் மேற்குத் தாம்பரத்தில். பெண் வீட்டார் சம்பந்திக்கு ஒரு பட்டுக் கிமோனோ அங்கி அனுப்பியிருந்தார்கள். வரவேற்பு மேடையில் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சம்பந்தி வீட்டாரிடமே கட்டிவிடச் சொல்வது கௌரவக் குறைச்சல். அவர்களை விட்டால் கட்டத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர். முதல்முறையாக மூன்றாவது மாடிக்கு ஏறி, வாசலில் நின்று பல்லைக் காட்டினார்.

“அதுக்கென்ன சார், கட்டி விடறேன்” என்றார் அக்கா. சொன்ன வேகத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது.

நாடாக்களைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் மண்டபத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பனியனுக்கும் வேட்டிக்கும் மேலேயே கட்டினார். தோளைச் சரிசெய்து, வலப்பக்கத் துணியை உள்ளே மடித்து, இடப்பக்கத்தை அதற்கு மேல் கொண்டுவந்து, மார்பில் அழகாகப் படியவைத்தார். எவ்வளவு கவனம்! நான் ஏமாந்துபோனேன். இவ்வளவு நாள் காத்திருந்து, கடைசியில் ஒழுங்காகக் கட்டிவிட்டு வந்துவிடப் போகிறார்.

செக்ரட்டரி கண்ணாடியில் பார்த்தார். முகம் சுருங்கியது. “என்னம்மா இது, எடது பக்கம் மேல வருது?”

“அவங்க முறை இதான் சார்.”

“சேச்சே. நல்ல காரியத்துக்கு நிக்கறேன். நமக்கு எல்லாத்துலயும் வலதுதான் முன்னாடி. மாத்து.”

“சார், அவங்க வழக்கத்துல...”

“வழக்கத்தப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தராத. ஊர் ஊரா சுத்தினா எல்லாத்தையும் போட்டுக் கொழப்பிக்க வேண்டியதுதான். மாத்துன்னா மாத்தும்மா.”

“சரி சார். உங்க இஷ்டப்படியே.”

எல்லா நாடாவையும் அவிழ்த்தார். இப்போது இடது உள்ளே போனது, வலது மேலே வந்தது. முன்பைவிடக் கவனமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தார். அன்றைக்கு வேனுக்குள் அப்பாவின் மாலையைச் சரிசெய்தபோதும் அவர் அப்படித்தான் பின்னால் போய் நின்று பார்த்தார்.

செக்ரட்டரி மேடை ஏறினார். நம் பக்கம் கைதட்டல். ஜப்பானியர் வரிசையில் பேச்சு நின்றது. ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். மணப்பெண்ணின் அம்மா காஞ்சிபுரம் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு இருந்தார். விறுவிறுவென்று படியேறி, செக்ரட்டரியின் முழங்கையைப் பிடித்துச் சிரித்தபடியே பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்காவையும் கண்ணால் அழைத்தார். நாடா பிடிக்கும் உத்தியோகத்தை வைத்து நானும் நுழைந்துவிட்டேன்.

அந்த அம்மா அக்காவிடம் சின்னதாக ஒன்று கேட்டார். அக்கா அதைவிடச் சின்னதாக ஒரு பதில் சொன்னார். அந்த அம்மா அக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேறெதுவும் பேசாமல், தன் கையாலேயே நாடாக்களை அவிழ்த்து, இடது மேலே வரும்படி மாற்றிக் கட்டிவிட்டார்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் செக்ரட்டரி.

“உங்களுக்கு இன்னும் எடுப்பா இருக்கற மாதிரி கட்டறாங்களாம் சார்.”

பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து இலையைப் பிடித்தேன். ரசம் வரும்வரை பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

“என்னக்கா நடந்துச்சு?”

அக்கா அப்பளத்தை நொறுக்கினார். “ஜப்பான்ல எடது பக்கம் மேல வந்தா உயிரோட இருக்கறவங்க. வலது பக்கம் மேல வந்தா பொணம். செத்தவங்களுக்கு மட்டும்தான் அப்படிக் கட்டுவாங்க.”

எனக்குப் புரை ஏறியது. மேடையில் வழக்கத்தின் தலைவர் பிணமாக நின்று வரவேற்றிருக்கிறார்.

“அந்தம்மா என்ன கேட்டாங்க?”

“அவங்களுக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது கட்டத் தெரியாம கட்டினதில்லன்னு. ‘யார் எறந்துட்டாங்க?’ன்னு கேட்டாங்க. ‘எங்கப்பா’ன்னு சொன்னேன்.”

இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாயசம் ஊற்றியவர் என்னைப் பார்த்துப் பயந்திருப்பார்.

“ஆனா நீங்க மொதல்ல சரியாத்தானே கட்டினீங்க?”

“ஆமா.”

“அவர் மாத்தச் சொல்லலைன்னா?”

அக்கா அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். “அவர் மாத்தச் சொல்வார்னு எனக்குத் தெரியாதா? மஸ்கட் தெரியும், மொம்பாசா தெரியும், கோபே தெரியும். தாம்பரம் மட்டும் தெரியாமப் போயிடுமா?”

கொஞ்சம் கழித்து, “நாளைக்குக் காலைல வீட்டுக்கு வரலாமான்னு கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு ஊதுவத்தி ஏத்தணுமாம்” என்றார்.

மறுநாள் காலை சம்பந்தியம்மா படியேறி வந்தார். பின்னாலேயே செக்ரட்டரி. வராமல் எப்படி இருப்பார்? சம்பந்தியைத் தனியாக அனுப்புவது நம்ம வழக்கம் இல்லையே. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் படத்தைப் பார்த்ததும்தான் வாசலிலேயே கால் நின்றது. நான் படியை மறித்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நலம் விசாரித்தேன். “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா சார்? ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” வேறு வழியில்லாமல் உள்ளே போனார்.

அந்த அம்மா ஊதுவத்தி ஏற்றி, படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, பிறகு தலையைக் குனிந்தார். செக்ரட்டரி சுற்றுமுற்றும் பார்த்தார். சம்பந்தி குனிகிறபோது நிமிர்ந்து நிற்க முடியுமா? குனிந்தார். சிறிது நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா இன்னும் எழவில்லை. அவசரமாக மறுபடி குனிந்தார். மறுபடி எட்டிப் பார்த்தார். எழவில்லை. முன்னைவிடத் தாழ்வாகக் குனிந்தார். எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்பது அவருக்கும் யாரும் ஸ்லைடில் போடவில்லை. படத்தில் அப்பா காலர் பட்டன் போட்டுக்கொண்டு அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அன்றைக்குத் தெருவில் அழாததை இப்போது அழுதுகொள்கிறார் என்று நினைத்தேன். இதோடு முடிந்தது, என் அக்கா இனி சாதாரண மனுஷி என்றும் நினைத்தேன். என் கணிப்புகள் எப்போதும் அந்தப் படப்பை மனை மாதிரிதான், கைக்கு வராது.

சமையலறைக்குப் போனவர் மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவோடு வந்தார்.

சம்பந்தியம்மா கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி மெதுவாக உறிஞ்சினார். செக்ரட்டரி ஒரே மடக்கில் குடித்தார். அக்கா ஊற்றினார். குடித்தார். ஊற்றினார். “போதும்மா” என்றார். “பரவால்ல சார்” என்று ஊற்றினார். சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சிரித்தபடி குடித்தார். காது சிவந்தது. நெற்றியில் வேர்வை கோத்தது. இந்தக் கட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். இதற்குப் பிறகு இதயம் தண்டவாளத்தில் ஓடும். அவர் கண் என் பக்கம் வந்தது. காப்பாற்று என்றது.

நான் என் கிண்ணத்தை மேசைக்குக் கீழே வைத்து, யாருக்கும் தெரியாமல் லேசாக ஆட்டிக்கொண்டேன்.

கூஜா மறுபடி சாய்ந்தது. ‘பாவம்மா, வேர்த்துட்டார்’ என்று உள்ளறையிலிருந்து வந்து சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் செக்ரட்டரி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாரே.